ஒன்பதும் இருபத்திரண்டும்

முதலில் குறைந்தது களி. மதியச் சாப்பாட்டில் இரண்டு உருண்டை சாப்பிடுகிறவள் நான். அந்த ஆடி மாதத்தில் அரை உருண்டைக்கே வயிறு நிறைந்துபோனது. பட்டினி கிடந்தாலும் பசிக்கவில்லை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆனது, ஆனால் வயிறு மட்டும் கொஞ்சம் மேடிட்டிருந்தது.

என் மாமியார் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை.

“ஏம்புள்ள ரேவதி, எத்தன நாளா சோறு எறங்கல?” என்று கேட்டார். கண்ணெல்லாம் சிரிப்பு.

“வெயிலுங்க அத்த. வேற ஒண்ணுமில்ல.”

“எனக்குத் தெரியாதா? நானும் இப்பிடித்தான் கெடந்தன்.”

மருந்துக்கடையில் அட்டை வாங்கிச் சோதித்தேன். ஒரு கோடுதான். பத்து நாள் கழித்து இன்னொன்று. அதிலும் ஒரு கோடு. என் கணவர் மாதேஷ் இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனி சரியில்லியோ என்னமோ,” என்றார்.

எங்களுக்கு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பட்டறை. கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது தொழில். எரிந்துபோன செம்புக் கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, ஓடவிட்டுக் காட்டிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்து ஆறே மாதத்தில் மாதேஷிடம் நான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். பொம்பளை கட்டிய காயில் நிற்குமா என்று கேட்ட விவசாயிகளே பின்னால் “அந்தம்மா கையில குடுங்க” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அப்படிப்பட்ட நான் அந்த ஆவணியில் ஒரு ஸ்டேட்டரை (கம்பி சுற்றும் மோட்டார்க் கூடு) தூக்கி மேஜையில் வைக்க முடியாமல் மூச்சு வாங்கினேன்.

அன்று மேஜைமேல் சாய்ந்து நிற்கும்போதுதான் இடது விலாவுக்குக் கீழே கை பட்டது. உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. அதற்கு ஒரு விளிம்பு இருந்தது. வயிற்றுக்குள் விளிம்பு எப்படி வரும்?

தருமபுரியில் ஸ்கேன் எடுத்தோம். கருவியை நகர்த்திக்கொண்டே அந்த மருத்துவர் சொன்னார்: “கர்ப்பப்பை காலியாத்தான் இருக்கும்மா. ஆனா மண்ணீரல் ரொம்பப் பெருசா இருக்கு. ரத்தம் குடுத்துட்டுப் போங்க.” மண்ணீரல் (ரத்த அணுக்களை வடிகட்டும் உறுப்பு, வயிற்றின் இடப்பக்கம் விலாவுக்கு அடியில் இருப்பது) என்ற சொல்லை அதுவரை பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்துப் பெண் போன் செய்தாள். “அக்கா, இன்னொரு வாட்டி ரத்தம் எடுக்கணும். மெஷின்ல ஏதோ தப்புன்னு நெனைக்கிறோம்.”

மெஷினில் தப்பில்லை. வெள்ளை அணுக்கள் பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் இருந்தன.

*

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். காலை ரயிலில் போனோம். அங்கிருந்த ரத்தவியல் மருத்துவர் ஓசூர்ப் பக்கத்து அம்மா, ஐம்பது வயதிருக்கும். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அறைக்குள் நுழைந்ததும் என் காகிதங்களைக் கையில் வாங்காமல், “ஊட்டா ஆய்த்தா? சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று கேட்டார். இல்லை என்றோம். “கீழே போய் இட்லி சாப்பிட்டு வாங்க. நோய் எங்கேயும் ஓடிடாது,” என்றார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை (எலும்புக்குள் இருக்கும், ரத்தம் உற்பத்தியாகும் மென்மையான பகுதி) எடுத்தார்கள். மரத்துப்போகும் மருந்து கொடுத்ததால் பெரிய வலி இல்லை. உள்ளிருந்து யாரோ உறிஞ்சுவதுபோல ஒரு நொடி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் தைரியம் சொல்ல உடன் நின்ற மாதேஷ் ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு செவிலியர்கள் அவருக்குத் தண்ணீர் தெளிக்க ஓடினார்கள். இடுப்பில் ஊசியோடு குப்புறப் படுத்துக்கொண்டு, “அவருக்கு ஒண்ணுமில்லீங்களே?” என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். சுருக்கமாக சிஎம்எல் என்பார்கள்.

புற்று என்ற சொல்லுக்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் அதைத் தெரிந்துகொண்டு என் கோப்பை மூடி வைத்தார். பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு கோடு வரைந்தார்.

“நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருபத்தி மூணு ஜோடி குரோமோசோம் இருக்கும்மா. நூல் மாதிரி. இதுல ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் ஒருநாள் நுனி அறுந்து, மாத்தி ஒட்டிக்கிச்சு. அதனால புதுசா ஒரு மரபணு உண்டாயிருச்சு. அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்யுது. அந்தப் புரதம் ஒரு கைனேஸ்.”

கைனேஸ் (இன்னொரு புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சிறு துண்டை ஒட்டி, அதை வேலை செய்யத் தூண்டும் புரதம்) நம் எல்லோருடைய உடம்பிலும் நூற்றுக்கணக்கான வகைகளில் உண்டாம். இப்போது பிரி, இப்போது வளர், இப்போது நிறுத்து என்று செல்லுக்குள் போகும் உத்தரவெல்லாம் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் போகிறது. தேவைப்படும்போது விழித்து, வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். என் உடம்பில் பிறந்த புதுக் கைனேஸுக்கு அடங்கத் தெரியவில்லை. பிரி, பிரி என்று இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருந்தது. வெள்ளை அணுக்கள் பெருகி, மண்ணீரல் வீங்கி, என் இரைப்பையை நெருக்கியிருந்தது.

“ஆட்டோ ஸ்விட்சுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“என்னம்மா?”

“கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்விட்ச் போட்டு வெப்பாங்கங்க. கரண்டு வந்தா தானா ஓடும். அது அப்பிடியே ஒட்டிக்கிச்சுன்னா, கெணத்துல தண்ணி இருக்குதோ இல்லியோ ஓடிக்கிட்டே இருக்கும். கடசில காயில் எரிஞ்சு எங்க பட்டறைக்கு வரும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அதேதான். ஒட்டிக்கிட்ட ஸ்விட்ச். நான் இருபது வருஷமா வேற என்னென்னமோ சொல்லிட்டிருக்கேன்.”

“அப்போ மாத்திர என்னாங்க பண்ணும்?” என்று மாதேஷ் கேட்டார். தொழில் பேச்சானதும் அவருக்கு உயிர் வந்திருந்தது.

அந்தக் கைனேஸில் ஒரு சிறிய குழி இருக்கிறது. செல்லுக்குள் சக்தியைச் சுமந்து திரியும் ஏடிபி என்ற மூலக்கூறு அதில் வந்து உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். இமாட்டினிப் என்கிற இந்த மாத்திரை, ஏடிபி வருவதற்கு முன் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

“ஃபீஸ் கேரியருல கம்பிக்குப் பதிலா அட்டையச் சொருகி கரண்ட நிறுத்தற மாதிரி,” என்றார் மாதேஷ்.

“உங்க ரெண்டு பேரையும் என்கூட வகுப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்,” என்றார் மருத்துவர்.

நான் என்ன தவறு செய்தேன், வார்னிஷ் வாசனையாலா, கம்பி எரிக்கிற புகையாலா என்று கேட்டேன். “நீங்க எதுவும் பண்ணலம்மா. ஒரே ஒரு செல்லுல, என்னைக்கோ நடந்த விபத்து. பரம்பரையா வர்றதும் இல்ல. நாளைக்கு உங்க குழந்தைக்கும் இது போகாது.”

குழந்தை என்றதும் நான் நிமிர்ந்தேன். அவரும் அதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: இந்த மாத்திரை கருவுக்கு ஆகாது. சாப்பிடும் வரைக்கும் கர்ப்பம் கூடாது.

“எத்தன நாளைக்குங்க சாப்பிடணும்?”

“இப்போதைக்குத் தினமும். நிறுத்தற பேச்சே கிடையாது. முதல்ல நீங்க நல்லாகணும். ஆனா இந்தக் கேள்விய நான் மறக்க மாட்டேன். நீங்களும் மறக்காதீங்க.”

*

மாமியாரிடம் மாதேஷ்தான் சொன்னார். எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மாமியார் அழுதார். கொஞ்ச நேரம்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். “மாத்திர எங்க? காட்டு.”

காட்டினேன். பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார். “இத்துனூண்டா? இதுவா அத்தாம் பெரிய நோய நிறுத்தும்?”

“நிறுத்துமாம் அத்த. சோறு சாப்பிட்டதும், ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட முழுங்கணும்.”

“எத்தன மணிக்கு?”

“மத்தியானம் ஒரு மணின்னு வெச்சுக்கலாங்க.”

அன்றிலிருந்து மதியம் ஒரு மணி அவருடையதாயிற்று. கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் ஒரு மணிக்குத் தண்ணீர்ச் சொம்போடு பட்டறை வாசலில் நிற்பார். நான் விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார். வந்திருக்கும் விவசாயிகள் முன்னாலும் காட்ட வேண்டும்.

முதல் மாதம் சிரமமாகத்தான் இருந்தது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அந்த முதல் மாதத்தில் இருந்தால், அது கடந்துபோகும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். குமட்டல், வாந்தி, ஆடுசதைப் பிடிப்பு. கண்ணைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு, விடிய விடிய அழுதவள்போல இமைகள் வீங்கின. பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாதேஷைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, நல்ல குடும்பத்துப் புள்ள. இப்பிடியா தெனமும் அழ வெப்ப?” என்று சத்தம் போட்டிருக்கிறார். மாதேஷ் விளக்கம் சொல்லத் தெரியாமல், “இனிமே பண்ண மாட்டங்க,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் எழுந்ததும் வித்தியாசமாக ஏதோ தெரிந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பசி! வெறும் பசி, வேறொன்றுமில்லை. முந்தின நாள் குழம்பை ஊற்றிப் பழையதைத் தின்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். மாமியார் சட்டியைத் துடைத்துப் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றார்.

மாதக் கடைசியில் வெள்ளை அணுக்கள் ஏழாயிரத்துக்கு இறங்கியிருந்தன. விலாவுக்கு அடியில் தடவிப் பார்த்தேன். அந்த விளிம்பு இல்லை.

*

ரத்த எண்ணிக்கை சரியானதோடு நோய் போய்விடுவதில்லை. பிசிஆர் (ரத்தத்தில் அந்தத் தவறான மரபணுவின் தடயம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் சோதனை) மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். மூன்றாம் மாதம் பத்து சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் ஒன்றுக்குள், ஒரு வருடத்தில் பூஜ்யம் புள்ளி ஒன்றுக்குள் வந்தால் நல்லது என்றார் மருத்துவர். எனக்கு ஒவ்வொரு படியும் சரியான நேரத்தில் அமைந்தது.

அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரி நடைவழியில் சின்னப்பொண்ணு அக்காவைப் பார்த்தேன். வத்தல்மலைக்காரர். மலையில் சாமையும் காப்பியும் பயிரிட்டிருந்தார். இதே நோய், ஆனால் வேறு மாத்திரை. ஏன் என்று கேட்டேன். ஏதோ வேடிக்கைக் கதை சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“நானும் ஒன்னோட மாத்திரதான் சாப்புட்டுக்கிட்டு இருந்தன் கண்ணு. ரெண்டு வருசம் ஆச்சு, மூட்ட தூக்கறன், மல ஏறறன், ஒடம்புல ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு மாத்திரன்னு நானா நிறுத்திட்டன். நாலு மாசம்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, அது உள்ளுக்குள்ள ஏறிக்கிட்டே இருந்திருக்குது. எனக்குத் தெரியவே இல்ல. திரும்பி வந்து சாப்புட்டா பழைய மாத்திரைக்கு மசியல. அந்தக் குழியே கோணிக்கிச்சாம், மாத்திர உள்ள உக்கார மாட்டேங்குதாம். டாக்டரம்மா என்னயத் திட்டுனாங்க பாரு, நடைவழியே கேட்டுச்சு.”

கைனேஸில் சிறு மாற்றம் ஏற்பட்டு, அந்தக் குழியின் வடிவம் மாறிவிடுவது உண்டு என்று மருத்துவரும் எனக்குச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அடுத்த தலைமுறை மாத்திரை கொடுத்தார்கள். அது அந்தக் கோணல் குழியிலும் பொருந்தியது. அதன் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் முறை கேட்டு வாங்கிக்கொண்டோம். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போவோம். அவர் கொய்யா கொண்டு வருவார், நான் எள்ளுருண்டை. எங்கள் சிரிப்பைப் பார்த்தவர்கள் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

நான்காவது வருடம் அறிக்கையில் எண்ணே இல்லை. “கண்டறியும் அளவில் இல்லை” என்று மட்டும் இருந்தது. அதை மாதேஷ் மூன்று தடவை படித்தார். பிறகு பட்டறையில் சோதனைக்காகப் பூட்டியிருந்த மூன்று மோட்டார்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். பெரிய சத்தம். எண்ணி ஐந்து நொடியில் ஃபீஸ் போனது. இருட்டிய பட்டறைக்குள் இரண்டு பேரும் நின்று சிரித்தோம்.

அடுத்த முறை பெங்களூர் போனபோது, மருத்துவரே ஆரம்பித்தார். “நீங்க முதல் நாள் ஒரு கேள்வி கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?”

இப்படியே இரண்டு வருடம் நிலைத்திருந்தால், கண்காணிப்போடு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். எல்லோருக்கும் இது ஒத்துவராது. கணிசமானவர்களுக்கு நோய் திரும்ப வரும், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே. திரும்பினால் மறுபடி மாத்திரை தொடங்க வேண்டும், அநேகமாக அது மறுபடி கேட்கும். மாதா மாதம் பிசிஆர் தவறக் கூடாது. ஒரு மாதமும்.

இரண்டு வருடமும் நிலைத்தது. எனக்கு அப்போது முப்பத்தைந்து முடிந்திருந்தது.

நிறுத்தப்போகிறேன் என்றதும் எதிர்த்தது என் மாமியார்.

“எதுக்குடி நிறுத்தணும்?” என்றார். அவர் என்னை டி போட்டுப் பேசியதே இல்லை.

“கொழந்தைக்குத்தான் அத்த.”

“எனக்குக் கொழந்த வேணாம்.”

“அத்த…”

“வேணாங்கறன். பேரன் பேத்தி இல்லாம எத்தன பேரு இல்ல? நான் கேட்டனா? ஆறு வருசமா ஒரு நாளாச்சும் கேட்டனா? நீ இரு, அது போதும். நீ இல்லாத வூட்ல நான் எந்தக் கொழந்தைய வெச்சு என்ன பண்றது?”

அவர் கேட்கவில்லை என்பது உண்மை. முதல் நாள் வாசற்படியில் அழுதபோது அந்த ஆசையையும் சேர்த்து அழுது முடித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் கேக்கறன் அத்த. எனக்கு வேணும்,” என்றேன். அவர் கையை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மறுமாதம் மருத்துவரிடம் தானே வந்து, அரை மணி நேரம் கேள்வி கேட்டார். திரும்பும்போது ரயிலில், “அந்தம்மா பொய் சொல்றவங்களாட்டம் தெரியல,” என்று மட்டும் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். ஒரு மணிக்கு அவர் சொம்போடு வந்து நின்றுவிட்டார், பழக்கம். “தண்ணியாச்சும் குடி,” என்றார். குடித்தேன்.

மாத்திரையை விட்டால் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தேன். மாறாக, தோளும் முழங்காலும் கிழவி மாதிரி வலித்தன. விட்டவர்களில் சிலருக்கு இப்படி வரும், மெல்லச் சரியாகும் என்றார் மருத்துவர். சரியாயிற்று. ஆனால் அந்த மாதங்களில் என் கை என்னை அறியாமல் இடது விலாவைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. தும்மினால் பயம், அசந்தால் பயம். ஒவ்வொரு மாதமும் அறிக்கை வரும் வரை மூச்சை இழுத்துப் பிடித்து, வந்ததும் விடுவேன்.

ஐந்தாம் மாதம் அட்டையில் இரண்டு கோடு.

மாதேஷ் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை. அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமியாரிடம் ஓடினோம். அவர் முகத்தில் சிரிப்பில்லை. என் வயிற்றைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“நல்லாப் பாத்தியா? அன்னிக்காட்டம் மண்ணீரலா இருக்கப் போவுது.”

ஸ்கேனில் துடிப்பைக் கேட்ட பிறகுதான் நம்பினார். குதிரை ஓடுவதுபோல அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மாமியார் திரையைக் கும்பிட்டார். எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. உள்ளே இந்த நிமிடம் எத்தனை கைனேஸ்கள் விழித்து, எத்தனை உத்தரவுகள் கொடுத்து, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் அடங்கிக்கொண்டிருக்கும்? பிரி, வளர், இங்கே விரல் போதும், நிறுத்து. என் உடம்பைப் படுத்திய அதே வகைப் புரதங்கள்தான் இவளையும் கட்டிக்கொண்டிருந்தன. அதுவரை கைனேஸ் என்றால் எனக்கு எதிரி. அன்று அந்தக் கோபம் போய்விட்டது.

கர்ப்பத்தின் ஆறாம் மாதம் அறிக்கையில் மீண்டும் ஓர் எண் வந்தது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

மாதேஷ் போனை என்னிடம் நீட்டினார். நான் மருத்துவரிடம் பேசினேன். “எல்லைக்கோடு பூஜ்யம் புள்ளி ஒண்ணு,” என்றார் அவர். “நீங்க அதுக்கு ரொம்பக் கீழே இருக்கீங்க. தாண்டினா ஊசி மருந்து இருக்கு, இன்டர்பெரான் (நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் புரதம்). கர்ப்பத்துல மாத்திரைக்குப் பதிலா அதைக் குடுக்கலாம். இப்போ தேவையில்ல. நல்லாச் சாப்பிட்டு, நாலு வாரம் கழிச்சு ரத்தம் குடுங்க.”

அந்த நான்கு வாரம் நான் மெதுவாகத்தான் நடந்தேன், நிறைகுடம் சுமப்பவள்போல. சின்னப்பொண்ணு அக்கா விஷயம் கேள்விப்பட்டு, மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தார். பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கம்பி சுற்றுவதை நாளெல்லாம் பார்த்தார். “இதுக்கு எத்தன சுத்து?” “அதுல ஒண்ணு கொறஞ்சா என்னாவும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பயப்பட நேரமில்லாமல் போனது.

அடுத்த எண் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று. அதற்கடுத்தது மீண்டும் இரண்டு.

தருமபுரியில், காலை ஒன்பதரை மணிக்கு மகள் பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அழுகைச் சத்தத்துக்கு வெளியே நின்றவர்கள் ஆண் குழந்தை என்று நினைத்தார்களாம். மகிழினி என்று பெயர் வைத்தோம். மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை, “கண்ணாத்தா” என்று கூப்பிடுகிறார். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறாள்.

*

கதை இங்கே முடிந்தால் அழகாக இருக்கும். ஆனால் இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு நான் முழுதும் சொல்ல வேண்டும்.

மகிழினிக்குப் பதினோரு மாதமானபோது எண் கோட்டைத் தாண்டியது. பால் மறக்கடித்துவிட்டு மறுபடி மாத்திரை தொடங்கினேன். அன்று அழுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நானும்தான். அழுகை வரவில்லை. அந்த மாத்திரையைப் பார்த்தபோது, வெளியூர் போயிருந்த உறவுக்காரர் திரும்பி வந்ததுபோல்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அது எனக்குக் கொடுத்த விடுப்பு. அந்த விடுப்பில் ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள். மூன்று மாதத்தில் எண் மீண்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

என்னைப் பார்த்து யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு உடம்பும் வேறு. நிறுத்துவதும் தொடங்குவதும் உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள். ஆனால் மனதில் ஒரு கேள்வி இருந்தால், முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இந்த வருடம் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். மோட்டார்களை ஏற்றி இறக்க நாங்களே ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்கியிருக்கிறோம். பாப்பாரப்பட்டி வரை போய் எரிந்த மோட்டாரை எடுத்து வந்து, கட்டி, நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று மாதேஷ் கேட்டார். ஓட்டுவது யார் என்று கேட்டேன். “நீதான். எனக்கு அந்தத் தைரியமெல்லாம் ஏது?” என்றார்.

எட்டுப் போட்டுக் காட்டி, இரண்டாவது தடவையில் தேறினேன். உரிமம் தபாலில் வந்தது. என் படம் சகிக்கவில்லை. அதன் கீழே, எதுவரை செல்லும் என்று பத்து வருடம் தள்ளி ஒரு தேதி அச்சிட்டிருந்தது.

அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தேன். பல வருடங்களாக என் காலம் மூன்று மாத அளவில்தான் நகர்ந்தது. அடுத்த அறிக்கை, அதற்கு அடுத்த அறிக்கை. அதைத் தாண்டி ஏதாவது திட்டமிட்டால் உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும், வேறொருவர் பொருளை எடுப்பதுபோல. அன்று அந்தப் பத்து வருடத்தைப் பார்த்தபோது கூச்சம் வரவில்லை. அப்போது மகிழினி ஏழாவது படிப்பாள், தலை பின்னிக்கொள்ளத் தகராறு செய்வாள் என்று நினைத்தேன். எனக்கு முடி நரைத்திருக்கும். நரைக்கட்டுமே.

நேற்று முதல்முறையாக மாதேஷ் இல்லாமல் ஓட்டினேன். பக்கத்தில் மாமியார், அவர் மடியில் மகிழினி. பின்னால் புதுக் காயில் கட்டிய மோட்டார். ஏற்றத்தில் கியர் மாற்றும்போது இடது ஆடுசதை சுருட்டிப் பிடித்தது. மாத்திரை செய்கிற வேலை, தெரிந்த வலி. புளியமர நிழலில் ஓரங்கட்டி இறங்கி, குதிகாலைத் தரையில் அழுத்திக் காலை நீட்டினேன். சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. உள்ளே ரத்தம் ஓடுவது தெரிவதுபோல இருந்தது. ஒழுங்கும் ஒரு துளி பிழையும் கலந்த, என்னுடைய ரத்தம்.

“என்னாச்சு? வூட்டுக்குப் போயிரலாமா?” என்று மாமியார் கேட்டார்.

“இல்ல அத்த. அங்க தண்ணி இல்லாம பயிரு காஞ்சுக்கிட்டு இருக்குது,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். மகிழினி ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நீட்டினாள். வண்டியைக் கிளப்பினேன்.